பாதியில் நின்ற லைனர்

பெரியப்பட்டைத் தாண்டியதும் இடது செருப்பின் வார் அறுந்தது.

கடலூருக்கு வெளியே இருந்த, இரும்பு உருக்கி வார்க்கும் ஃபவுண்டரியை விட்டு நான் கிளம்பியபோது இருட்டு இன்னும் பிரியவில்லை. ஒப்பந்தக்காரர் முந்தைய நாள் சாயங்காலமே சொல்லிவிட்டார். “ஆர்டர் கம்மி ஆயிடுச்சி அந்தோணி. நீ வேற எடம் பாத்துக்க.” டீ வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் சொன்னார். எனக்கும் பெரிதாக வருத்தமில்லை. ஓர் இடத்தில் இரண்டு மழைக்காலம் தங்கிவிட்டால் எனக்கே உள்ளங்கால் அரிக்க ஆரம்பித்துவிடும்.

தோளில் ஓர் உரச்சாக்கு. அதற்குள் இரண்டு சட்டை, ஒரு லுங்கி, ஒரு போர்வை, ஒரு லைனர். சிதம்பரம் போகும் பேருந்துகள் ஒவ்வொன்றாக என்னைக் கடந்து போயின. ஏறியிருக்கலாம். சிதம்பரத்தில் எனக்கு யாரும் இல்லை, அவசரமாகப் போய்ச் சேர என்ன இருக்கிறது என்று நடந்தேன்.

வார் அறுந்ததும் ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தேன். லைனரை வெளியே எடுத்துத் தரையில் நிறுத்தி, அதன் விளிம்பில் செருப்பை வைத்து, கிடைத்த ஆணியைக் கருங்கல்லால் அடித்துக்கொண்டிருந்தேன்.

சரக்கு ஏற்றும் ஒரு குட்டியானை வண்டி கடந்து போய், நின்று, பின்னால் வந்தது. ஓட்டி வந்தவருக்கு நாற்பது வயது இருக்கும். ஜன்னலில் தலையை நீட்டினார்.

“யோவ், அது லைனராய்யா?”

“ஆமாங்க.”

“லைனர் மேல வெச்சா செருப்பு தைக்கிற? அத மாட்டத்தான்யா நான் ஊரு ஊரா அலையிறேன்!”

சுழலும் அச்சு

லைனரைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. டீசல் எஞ்சினுக்குள் பிஸ்டன் ஏறி இறங்குகிற குழாய்தான் அது. எஞ்சினின் பெரிய இரும்பு உடம்பை ப்ளாக் என்பார்கள். பிஸ்டன் நேராக ப்ளாக்கில் உரசினால் சீக்கிரம் ப்ளாக்கே தேய்ந்துவிடும். அதனால் உள்ளே ஒரு குழாயைச் செருகுகிறார்கள். தேய்ந்தால் குழாயை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

அதை நாங்கள் வார்த்த விதத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் முகம் சுடுகிறது. அச்சு படுத்தவாக்கில் வேகமாகச் சுழன்றுகொண்டிருக்கும். சுழலும்போதே உருக்கிய இரும்பை ஊற்றுவோம். சுழற்சி அதை அச்சின் சுவரில் அப்பிவிடும். கனமான நல்ல இரும்பு வெளிப்பக்கம் போகும். கசடும் காற்றுக் குமிழும் உள்பக்கம் ஒதுங்கும். ஆறிய பிறகு லேத்தில் உள்பக்கத்தைக் கடைந்து, கசடைச் சுருள் சுருளாக எடுத்து விடுவார்கள்.

நான் எட்டாவதோடு நிறுத்தியவன். திட்டக்குடிப் பக்கம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சுற்றும் பொருளைப் பற்றி ஏதோ ஒரு பாடம் வந்தது, நான் தூங்கிவிட்டேன். அந்தப் பாடத்தை ஃபவுண்டரியில் புறங்கையில் தெறித்த பொறிகளோடு படித்தேன். அந்தத் தழும்புகள் இன்னும் இருக்கின்றன. வலி கிடையாது.

சாக்கில் இருந்த லைனர் நான் கடைசியாக ஊற்றியது. அதன் காலரில், அதாவது மேல் விளிம்பில், ஊசிமுனை அளவுக்கு ஓர் ஓட்டை விழுந்திருந்தது. சோதனை மேசையில் சிவப்புப் பெயிண்ட் தடவித் தள்ளிவிட்டார்கள். அப்படித் தள்ளியவை மறுபடி உலைக்குப் போகும். “இதை நான் எடுத்துக்கட்டுமா?” என்று கேட்டேன். மேசையில் இருந்த பையன் சிரித்தான். “அம்மிக்குக் குழவியா வெச்சிக்கப் போறியாண்ணே?” என்றான். எதற்கு என்று எனக்கும் தெரியவில்லை.

குட்டியானையில்

வண்டிக்காரர் பெயர் சக்திவேல். ஊர் புவனகிரிக்குப் பக்கம். நெல் அறுக்கும் மெஷின் ஒன்று சொந்தமாக வைத்திருந்தார். வண்டியின் பின்னால், தார்ப்பாய்க்கு அடியில், அந்த மெஷினின் ப்ளாக் கிடந்தது. பக்கத்தில் அட்டைப்பெட்டியில், தேய்ந்துபோன பழசுக்குப் பதிலாக மாட்ட நான்கு புது லைனர்கள்.

இறங்கி வந்தவர் என் லைனரை ஒரு விரலில் தொங்கவிட்டு வண்டிச் சாவியால் தட்டினார். கணீரென்றது. விரிசல் இருந்தால் அந்த ஓசை வராது, ஓட்டைப் பானை மாதிரி கேட்கும்.

“நல்ல சாமான்தான். ஆனா என் மெஷினுக்கு ஆவாது. சைஸ் பெருசு. எங்க போற? ஏறு.”

போகும் வழியில் தன் பாட்டை அவரே சொன்னார். சிதம்பரத்தில் வண்டிகேட் பக்கம் அவருடைய தங்கை வளர்மதியும் தங்கை வீட்டுக்காரர் குமரவேலும் எஞ்சின் கடைசல் பட்டறை வைத்திருக்கிறார்கள். குமரவேல் பைக்கில் விழுந்து காலில் மாவுக்கட்டோடு கிடக்கிறார். லைனரை ப்ளாக்கில் அழுத்தும் பிரஸ்ஸும் எண்ணெய் கசிந்து நின்றுவிட்டது. அதற்குச் சாமான் வர இன்னும் நாளாகும். அவர்களிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல் இவர் ப்ளாக்கைத் தூக்கிக்கொண்டு கடலூருக்குப் போயிருக்கிறார். அங்கே, அறுவடை நேரம், அடுத்த வாரம்தான் என்று கையை விரித்துவிட்டார்கள்.

“அடுத்த வாரம் வெறும் வைக்கலுதான் இருக்கும். வானத்தப் பாரு.”

பார்த்தேன். தை மாதக் கடைசியில் வரக்கூடாத மேகம் கிழக்கே கருத்துக் கிடந்தது. சாலைக்கு இரண்டு பக்கமும் சம்பா நெல் தலை சாய்ந்து நின்றது. இவருடைய மெஷினை நம்பிப் பத்துப் பன்னிரண்டு குடும்பம் காத்திருக்கிறது என்றார். வெள்ளாற்றுப் பாலம் வரும் வரை மேகத்தை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே ஓட்டினார்.

மச்சானும் மாமாவும்

பட்டறை வாசலில், எந்த வேனிலிருந்தோ கழற்றிய ஒரு சீட்டில், குமரவேல் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். ப்ளாக் இறங்குவதைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

“வாங்க மச்சான். கடலூரு என்னா சொல்லிச்சி?”

“நீங்க நல்லா இருக்கீங்களான்னு கேட்டுச்சி மாமா.”

“நான் நல்லாத்தான் இருக்கேன். கால் ஒண்ணுதான் ஒடஞ்சிருக்கு. மானம் மரியாதைல்லாம் நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சி.”

வளர்மதி உள்ளேயிருந்து வந்தார். கையில் கிரீஸ், நைட்டிக்கு மேல் வீட்டுக்காரரின் காக்கிச் சட்டை. அண்ணனைப் பார்த்து, “சாப்டியா?” என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வியிலேயே சக்திவேலுக்குப் பாதி உயிர் போய்விட்டது.

பிரஸ் இல்லாமல் எப்படி என்று மூவரும் பேசினார்கள். எஞ்சினைக் குளிர்விக்க ஓடும் தண்ணீர் இந்த ரக லைனரைத் தொடாது. பனியன் மாதிரி ப்ளாக்கோடு ஒட்டி நிற்க வேண்டும். ஒட்டி நிற்க வேண்டுமானால் துளையைவிட லைனர் ஒரு மயிரிழை பெரிதாக இருக்க வேண்டும். சுத்தியலால் அடித்து இறக்கினால் கோணிக்கொள்ளும், மெல்லிய சுவர் வெடித்துவிடும்.

“ஐஸ்ல போட்டு எடுத்தா எறங்கும்” என்றேன்.

மூவரும் அப்போதுதான் என்னைப் பார்த்தார்கள்.

காதர் பாயின் பெட்டி

ஃபவுண்டரிக்கு வருவதற்கு முன்னால் கடலூர் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கும் வேலையில் சில காலம் இருந்தேன். கை எப்போதும் வெளுத்து ஊறிப்போய் இருக்கும். விரல் நுனியில் உணர்ச்சி இருக்காது. சூடான சோற்றில் கை வைத்தால்தான் அது என் கை என்று தெரியும்.

அங்கே காதர் பாய் என்று ஒரு எஞ்சின் ஃபிட்டர், என் வயதுதான். மீன்பிடி விசைப்படகுகளில் பழைய லாரி எஞ்சின்தான் பாதிக்கு மேல் ஓடும். படகுத்துறையில் பிரஸ்ஸுக்கு எங்கே போவது? என்னிடம் வந்து ஒரு தெர்மாகோல் பெட்டி நிறைய நொறுக்கிய ஐஸ் வாங்குவார். அதில் கல்லுப்பை அள்ளிக் கொட்டுவார். உப்பு சேர்ந்த ஐஸ் வெறும் ஐஸைவிடப் பல மடங்கு குளிரும். லைனரை பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி அதற்குள் புதைப்பார். உப்பு பட்டால் பின்னால் துரு ஏறும், அதற்குத்தான் பை. குளிரில் லைனர் அந்த மயிரிழை அளவுக்குச் சுருங்கும். எடுத்து, துடைத்து, துளையில் விட்டால் தானாக இறங்கி ‘டொக்’ என்று உட்காரும். பிறகு ப்ளாக்கின் சூடு ஏறி, விரிந்து, இறுகிவிடும்.

பெட்டியைத் திறக்கும் முன் பிஸ்மில்லா சொல்வார். திறந்த பிறகு வாயே திறக்க மாட்டார். பக்கத்தில் எவனாவது பேசினால் கண்ணாலேயே அறைவார்.

நான் வேடிக்கை பார்த்தவன்தான். என் கையால் ஒன்றுகூடச் செய்ததில்லை. அதையும் அவர்களிடம் சொன்னேன்.

“நானும் கேள்விப்பட்டிருக்கேன்” என்றார் குமரவேல். “நம்மூர்ல யாரும் பண்ணதில்ல. மச்சான், மீன் மார்க்கெட்டுக்கு ஓடு.”

மொதல் லைனர்

சக்திவேல் கொண்டுவந்த ஐஸ் மத்தி மீன் வாசம் அடித்தது. உப்பு கலந்தோம். முதல் லைனரைப் பையில் கட்டிப் புதைத்தோம். பட்டறையே மீன் கடை ஆகிவிட்டது என்று குமரவேல் சீட்டிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார். பூனை ஒன்று வந்து உட்கார்ந்தது.

மதியச் சாப்பாடு முடிந்தது. வளர்மதி எனக்கு இலையில் இரண்டாம் முறை சோறு வைத்தார், வேண்டுமா என்று கேட்கவில்லை. பிறகு ப்ளாக்கைத் துடைத்துத் தயாராக வைத்தோம். நான் சாக்குத் துணியைக் கையில் சுற்றிக்கொண்டு பெட்டியைத் திறந்தேன். பையைப் பிரித்து லைனரை எடுத்தேன். வெள்ளையாகப் பனி பூத்திருந்தது. உலர்ந்த துணியால் ஒரு துடை. ப்ளாக்குக்கு மேலே கொண்டு போனேன்.

“அண்ணே, இருங்க இருங்க” என்றார் வளர்மதி. “மொதல் லைனரு. கற்பூரம் காட்டிடறேன்.”

அந்தப் பட்டறையில் எந்த ப்ளாக்குக்கும் முதல் லைனர் இறங்கும் முன் கற்பூரம் காட்டுவது வழக்கம். பிரஸ்ஸில் அழுத்தும்போது அதனால் ஒரு கெடுதலும் இல்லை. லைனர் பாட்டுக்குக் காத்திருக்கும்.

வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காலையில் நடுரோட்டில் இருந்தவன், அவர்கள் சோற்றைத் தின்றுவிட்டு நிற்கிறேன். அவர் தீப்பெட்டியைத் தேடினார். அது குமரவேல் சட்டைப் பையில் இருந்தது. கற்பூரம் ஏற்றி, ப்ளாக்குக்கு மூன்று சுற்று, ஒரு பொட்டு. சக்திவேல் குனிந்து கண்ணில் ஒற்றிக்கொண்டார். என் கையில் பனி தண்ணீராகி முழங்கை வரை வழிந்தது.

“ம், எறக்குங்க.”

விட்டேன். வழுக்கிக்கொண்டு போனது. பாதிக்கு மேல் கொஞ்சம் போய், நின்றது.

அழுத்திப் பார்த்தேன். சக்திவேல் தன் முழு எடையையும் போட்டுப் பார்த்தார். அசையவில்லை. ப்ளாக்கின் சூடு ஏறி இருந்த இடத்திலேயே விரிந்து பிடித்துவிட்டது.

வாசலிலிருந்து குமரவேல் கத்தினார். “ஏன் சத்தம் வரல?”

சக்திவேல் கையை எடுத்துவிட்டு நிமிர்ந்தார்.

“கேக்கறேன்ல? டொக்குனு வரும்னாரே, ஏன் வரல?”

“ஏன்னா உன் பொண்டாட்டி சாமி கும்பிட்டா!” என்று சக்திவேல் வெடித்தார். “இனிமே வெட்டித்தான் எடுக்கணும். வெட்டறப்ப ப்ளாக்குல உளி பட்டா ப்ளாக்கும் போச்சி. அத்தன பேரும் நெல்ல வெச்சிக்கினு ஒக்காந்திருக்காங்க. ஏண்டி, உனுக்குக் கற்பூரம் காட்ட வேற நேரமே கெடைக்கலயா?”

வளர்மதி கற்பூரத் தட்டைக் கீழே வைத்தார். கண் கலங்கியிருந்தது. ஆனால் அவர் அழவில்லை. லைனரைப் பார்த்தார். ப்ளாக்கைப் பார்த்தார். மறுபடி லைனரைப் பார்த்தார்.

“ஏண்ணா, வீட்ல டம்ளருக்குள்ள டம்ளர் மாட்டிக்கிச்சின்னா என்னா பண்ணுவோம்?”

“இப்ப டம்ளரு ரொம்ப முக்கியம்.”

“உள்ளார ஜில் தண்ணி ஊத்திட்டு வெளிய சுடுதண்ணியில வெப்போம். உள் டம்ளர் சுருங்கும், வெளி டம்ளர் விரியும். இதுவும் டம்ளர்தானே?”

காதர் பாயின் பெட்டியை அத்தனை முறை பார்த்த நான் அதை யோசிக்கவில்லை.

“மச்சான்” என்றார் குமரவேல் வாசலிலிருந்து, மெதுவாக. “டீக்கடைக்குப் போயி கொதிக்கிற தண்ணி ரெண்டு கொடம் வாங்கியா. ஓடு.”

மிச்சமிருந்த ஐஸ் முழுவதையும் உப்போடு நீளமான பைகளில் கட்டி, மாட்டிக்கொண்ட லைனரின் வயிற்றுக்குள் திணித்தோம். ப்ளாக்குக்குள் தண்ணீர் ஓடும் வழிகள் உண்டு. அடியில் இருந்த துளைகளைத் துணியால் அடைத்து, மேலேயிருந்து கொதிநீரை ஊற்றினோம். ஆவி எழுந்தது. ஒரே இரும்பில் உள்ளே பனி, வெளியே கொதி. சக்திவேல் கொதிநீர்க் குடத்தைச் சாய்த்துக்கொண்டே இருந்தார். தெறித்த வெந்நீரில் கால் விரல்கள் சிவந்தும் அவர் நகரவில்லை.

வளர்மதி ஒரு மரக்கட்டையை லைனர் மேல் வைத்தார். நான் சுத்தியலை எடுத்தேன். தட்டினேன் என்றுகூடச் சொல்ல முடியாது, தொட்டேன்.

டொக்.

வாசலிலிருந்து விசில் சத்தம் கேட்டது. மாவுக்கட்டுப் போட்ட மனிதர் இரண்டு விரலை வாயில் வைத்து அடித்த விசில் அது. பூனை ஓடிவிட்டது. சக்திவேல் குடத்தை வைத்துவிட்டு, தங்கையின் தலையில் ஈரக் கையால் ஒரு குட்டு வைத்தார்.

“கடலூர்ல இத பண்ணுவானா?” என்றார் வளர்மதி.

“போதும் வுடு, தெரியாம போயிட்டேன்.”

நன்றி என்ற ஒன்று

அந்த மெஷின் அதே வாரத்தில் புவனகிரி வயல்களில் இறங்கியது. மழை வந்தது, ஆனால் மூட்டை கட்டி வீட்டுக்குள் போன பிறகு வந்தது. சக்திவேல் புது நெல்லில் ஒரு மூட்டை கொண்டுவந்து பட்டறையில் இறக்கினார். அந்தச் சோற்றை நானும் தின்றேன்.

யோசித்துப் பார்த்தால் எத்தனை பேருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். டீ வாங்கிக் கொடுத்து வேலையை விட்டு அனுப்பிய ஒப்பந்தக்காரர். சிரித்துக்கொண்டே லைனரைக் கொடுத்த பையன். அறுந்துபோன செருப்பு வாரைக்கூடச் சேர்த்துக்கொள்ளலாம். அது அறுந்திராவிட்டால் நான் பாட்டுக்கு நடந்து போயிருப்பேன், சக்திவேல் பாட்டுக்குக் கடந்து போயிருப்பார்.

முதல் லைனர் இறங்கிய அன்று ராத்திரி பட்டறையிலேயே படுக்கச் சொன்னார்கள். அட்டை விரித்து, வளர்மதி கொடுத்த தலையணையில் படுத்தேன். இரும்புத்தூளும் மத்தி மீனும் கலந்த வாசம். யார், எந்த ஊர், என்ன சாதி, ஆதார் அட்டை இருக்கிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை. அப்படித் தூங்கி வெகுகாலம் ஆகியிருந்தது.

மறுநாள் காலை

முதல் லைனரை மீட்பதிலேயே ஐஸ் எல்லாம் தீர்ந்துவிட்டிருந்தது. மிச்சம் மூன்று. விடியும்போதே சக்திவேல் மார்க்கெட்டிலிருந்து புது ஐஸ் கொண்டுவந்து புதைத்துவிட்டார். நான் முகம் கழுவி வந்தபோது, சிவப்புப் பெயிண்ட் அடித்த என் லைனர் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றது. அதன் மேல் கற்பூரத் தட்டு இருந்தது. உயரம் சரியாக இருக்கிறது என்று வளர்மதி எடுத்து வைத்திருந்தார்.

“நீங்க எங்கியும் போவலல்ல?” என்று கேட்டார்.

“போவல.”

“அப்ப இங்கியே இருங்க. பிரஸ் சரியானாலும் ஆள் வேணும். உங்களுக்கு மொத வேல இது.” தீப்பெட்டியை என் கையில் வைத்தார். “நான் காட்டுனா நேரம் தெரியாம காட்டுவேன். நீங்க காட்டுங்க.”

“நான் வேதக்காரன்மா. அந்தோணின்னு பேரு சொன்னேனே.”

“கற்பூரத்துக்கு அது தெரியுமா?”

“அவரே பண்ணட்டும்டி” என்றார் வாசல் சீட்டிலிருந்து குமரவேல். “சீக்கிரம். எனக்கு மூணு சத்தம் பாக்கி.”

காதர் பாய் பெட்டியைத் திறக்கும் முன் சொல்வாரே, அது அப்போதுதான் ஞாபகம் வந்தது. சொல்ல வேண்டியதையெல்லாம் மூடி மூடியிருக்கும்போதே சொல்லிவிடுவார்.

கற்பூரத்தை ஏற்றினேன். மூன்று சுற்று காட்டி, ப்ளாக்குக்குப் பொட்டு வைத்தேன். சக்திவேல் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தட்டை என் சிவப்பு லைனர் மேல் வைத்து, அது முழுவதும் எரிந்து அணையும் வரை காத்திருந்தேன். பிறகு கையில் சாக்குத் துணியைச் சுற்றிக்கொண்டு ஐஸ் பெட்டியைத் திறந்தேன்.